உள்ளங்கையில் கரையாத தூள்

வாரத்துக்கு உங்களில் ஒருவராவது இசைத்தட்டு ஊசியைப் படம் பிடித்து எனக்கு அனுப்பி, "நல்லா இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்கிறீர்கள். கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். ஊசி நேராக இருக்கிறது. "நேரா இருக்கு" என்று பதில் போடுகிறேன். நீங்கள் அதை "நல்லா இருக்கு" என்று எடுத்துக்கொண்டு அடுத்த நிமிடமே தட்டைச் சுழல விடுகிறீர்கள். நேராக இருப்பதற்கும் நன்றாக இருப்பதற்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என்னை நேரில் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. அருப்புக்கோட்டையில் நெசவுக் குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். அண்ணன்மார் தறியில் உட்கார்ந்தார்கள், நான் ரேடியோ பழுதுபார்க்கப் போனேன். திருச்சுழி, நரிக்குடி, எம்.ரெட்டியபட்டி பக்கத்துச் சவுண்ட் சர்வீஸ்காரர்களின் பெட்டிகள்தான் என் கடைக்குச் சோறு போட்டன. கேசட் வந்தது, சிடி வந்தது, பென்டிரைவ் வந்தது. கடையை மூடிவிட்டு நிறையப் படிக்கலாம் என்று உட்கார்ந்தபோது, போன தட்டு திரும்பி வந்துவிட்டது. நீங்கள் பழைய குழாய் ஒலிபெருக்கிகளைத் தேடி எடுத்து, ஈயம் பூசி, பெயிண்ட் அடித்து, கோயில் பொங்கலுக்கெல்லாம் தட்டு செட்டு கட்டுகிறீர்கள். அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்பதை மறைக்கப் போவதில்லை.

கிழமையும் மாதமும் இல்லாமல் எந்த நினைவும் எனக்கு வராது. ஆகையால் அப்படியே சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னச் சம்பவம். சித்திரை மாதம், ஞாயிற்றுக்கிழமை, எம்.ரெட்டியபட்டியில் ஒரு கல்யாணம். செட்டுக்காரர் காலையிலேயே பெட்டிகளை மூடிய வேனில் ஏற்றி வெட்டவெளியில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். பொழுது சாய இறக்கித் தட்டைப் போட்டால், பானைக்குள்ளிருந்து பாடுவது போல ஒரு முனகல். ஊசியை மாற்றினார். ஆம்ப்ளிஃபயரைத் திறந்தார். கரண்ட் கனெக்‌ஷன் கொடுத்தவரை வைதார். எனக்கு ஆள் வந்தது. போய்க் கார்ட்ரிட்ஜைத் தொட்டேன். ஊசியைத் தாங்கி, அதன் துடிப்பை மின்சாரமாக மாற்றுகிற அந்த விரல்நுனி அளவுப் பெட்டி அப்போதும் சுட்டது. அந்தக் காலத்துக் கார்ட்ரிட்ஜ்களில் சிலவற்றுக்குள்ளே இருப்பது ஒருவகை உப்புப் படிகம். அதிகச் சூடு அதற்கு ஆகாது. புத்தகத்தில் படித்திருந்தேன், அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

"உள்ள இருக்கிற உப்பு வெயில்ல கெட்டுப்போச்சு" என்றேன்.

"உப்புலதான் பாட்டு வருதா? அப்ப சட்டியில போட்டு வறுத்துட்டேன்னு சொல்லுங்க" என்று தலையில் கை வைத்தார் அவர். கல்யாணம் மேளக்காரரை வைத்து நடந்து முடிந்தது. தட்டுகள் எதற்கும் சேதமில்லை.

அந்தக் கார்ட்ரிட்ஜை நான் மரியாதையோடு நினைத்துக்கொள்வேன். கெட்டதும் குரலை இழந்து, கெட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டது. இப்போது நீங்கள் பயன்படுத்துகிற காந்தக் கார்ட்ரிட்ஜும் அதன் வைர ஊசியும் அப்படியல்ல. சேதமான பிறகும் அவை அழகாகப் பாடும். பாடிக்கொண்டே தின்னும்.

இனி, சென்ற ஆண்டு பங்குனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை.

பரளச்சியிலிருந்து உள்ளே போகிற ஊர் அது. பெயரை எழுதினால் அந்த ஊர்க் கமிட்டித் தலைவர் கோபித்துக்கொள்வார், அதனால் விட்டுவிடுகிறேன். அம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டும் நாள். மற்ற ஊர்களில் காப்புக் கட்டும்போது குலவை போடுவார்கள். இந்த ஊரில் குலவையோடு ஒரு தட்டும் பாட வேண்டும். அந்த ஊரில் பிறந்து நாடகத்தில் ராஜா வேஷம் கட்டிய ஒருவர், பட்டணத்துக்குப் போய் ஒரு சிறிய கம்பெனியில் அந்த அம்மன் மேல் இரண்டு பாட்டுப் பாடித் தட்டாகப் போட்டுக்கொண்டு வந்தார். பாடியவர் காலமாகி வெகுகாலம் ஆகிறது. வீடுகளில் இருந்த தட்டுகள் வெயிலில் நெளிந்தும், பிள்ளைகள் கையில் கீறியும் போய்விட்டன. கோயில் இரும்புப் பெட்டிக்குள் ஒன்றே ஒன்று மிச்சம். வருஷத்துக்கு ஒரு முறை வெளியே வரும், பூசாரி மஞ்சள் நூலைக் கட்டும்போது பாடும், திரும்பப் பெட்டிக்குள் போய்விடும். பொழுது அடைவதற்குள் காப்புக் கட்டி முடித்துவிட வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு.

"அதான் போன்ல இருக்கே, அதப் போட்டா என்ன?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. குழாய்க்கு எதிரே நின்று யாரோ பதிவு செய்தது அது. கொட்டுச் சத்தமும் வெடிச் சத்தமும் பாதி. பாட்டு எங்கோ பக்கத்து ஊரில் கேட்பது போல இருக்கும்.

பாடியவரின் மகள் பேச்சியம்மாள். நரிக்குடிப் பக்கம் வாக்கப்பட்டுப் போனவர். எழுபதைத் தாண்டியும் சொந்தமாக ஆடு வைத்து மேய்க்கிறார். வருஷம் தவறாமல் அந்தச் செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி வந்து, பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் நிற்பார். ஒரு முறை என்னிடம் சொன்னார்: "எங்க அய்யா எனக்கு வருசத்துக்கு ஒருக்கத்தான் பேசுவாக, ரேடியோக்காரத் தம்பி. அதுவும் ஊரே கேக்கத்தான் பேசுவாக."

அந்த ஆண்டும் செட்டுக் கட்டியது செல்வி. உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். மாமனாரின் சவுண்ட் சர்வீஸை எடுத்து நடத்துகிறார். கணவர் கண்ணன் வேன் ஓட்டுவார், குழாய் கட்டுவார். தட்டையும் ஆம்ப்ளிஃபயரையும் செல்வியைத் தவிர யாரும் தொட முடியாது. அவருடைய செட்டுக்குக் கார்ட்ரிட்ஜ் பொருத்திக் கொடுத்தது நான். அந்த உரிமையில் வருஷா வருஷம் என்னையும் கூப்பிட்டுவிடுவார். பஸ்ஸில் போய், டீ குடித்து, பாட்டைக் கேட்டுவிட்டு வருவதுதான் எனக்கு அங்கே வேலை.

நான் போய்ச் சேர்ந்தபோது காரியம் நடந்து முடிந்திருந்தது. பந்தல் கம்பில் குழாயை ஏற்றும்போது கயிறு வழுக்கி, மைக் ஸ்டாண்டு சாய்ந்து, தட்டுப் பெட்டியில் ஊசியைத் தாங்கும் கைமேல் விழுந்திருக்கிறது. நல்லவேளையாக அப்போது தட்டு ஏதும் போட்டிருக்கவில்லை. ஊசி, சுழலும் உலோகத் தட்டத்தின் விளிம்பில் மோதி வெளியே வந்து தொங்கியது.

செல்வி பதறவில்லை. அதைப் பெருமையோடு சொல்கிறேன். ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு நேராக இருக்கிறதா என்று முன்னாலிருந்தும் பக்கவாட்டிலும் பார்த்தார். மீட்டர் வைத்து, கார்ட்ரிட்ஜின் இரண்டு பக்கச் சுருளும் அறுந்துபோகவில்லை என்று உறுதி செய்தார். சாதாரண சினிமாப் பாட்டுத் தட்டு ஒன்றைப் போட்டுக் கேட்டார். குழாய் கணீரென்று பாடியது.

"ஒண்ணும் ஆகல அண்ணாச்சி. மாரியாத்தா காப்பாத்திட்டா" என்றார்.

என் சட்டைப் பையில் ஒரு மடக்குக் கண்ணாடி எப்போதும் இருக்கும். துணியில் இழை எண்ணுவதற்கு என் அப்பா வைத்திருந்தது. ஊசியைப் பார்த்தேன். குறை ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கண்ணாடிக்கு அவ்வளவுதான் பார்வை. பிறகு உலோகத் தட்டத்தின் விளிம்பைப் பார்த்தேன். ஊசி மோதிய இடத்தில் பொட்டு வைத்தது போல ஒரு புதுப் பள்ளம் மின்னியது. அதிலிருந்து ஒரு கீறல் வெளிப்பக்கமாக ஓடியது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நாம் எல்லாரும் அடிபட்டதைத்தான் பார்ப்போம், அது எதில் போய் மோதியதோ அதைப் பார்ப்பதில்லை. வைரத்துக்கு எல்லாவற்றையும் கீறும் பலம் உண்டு. ஆனால் பக்கவாட்டில் அடி விழுந்தால் அதன் ஓரம் சில்லுப் போகும். விளிம்பில் அவ்வளவு ஆழமாகப் பள்ளம் விழுந்திருந்தால், ஊசிக்கும் அதே அடி விழுந்திருக்கிறது. கண், மீட்டர், காது மூன்றும் நல்லது என்கின்றன. அந்தப் பள்ளம் மட்டும் இல்லை என்கிறது.

"செல்வி, அந்த இங்கிலீஷ் தட்டு வண்டியில இருக்கா?"

அவர் முகம் மாறியது. என் கடையை மூடும்போது அவர் கேட்டு வாங்கிப் போன தட்டு அது. ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்கும் பாடம், பாட்டே கிடையாது. எங்கள் கடையில் எந்த ஊசியையும் வாடிக்கையாளரின் தட்டில் சோதித்தது இல்லை. சோதனைக்கென்றே அடிபடுவதற்கு ஒரு தட்டு இருக்கும். இதில் ஒரு வசதி, வார்த்தைக்கு வார்த்தை 'ஸ' வரும். ஊசி பிசகினால் முதலில் சீறுவது 'ஸ'தான்.

தட்டில் ஓரிடத்தை ஈரத் துணியால் நன்றாகத் துடைத்தேன். ஊசியையும் தூரிகையால் சுத்தம் செய்தேன். அந்த ஒரே துண்டைத் திரும்பத் திரும்பப் போட்டேன். ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் குறைப்பதற்குள் குழாய் ஊர் முழுக்க அறிவித்துவிட்டது: "திஸ் இஸ் சூசன். ஷீ இஸ் சாம்ஸ் சிஸ்டர்."

கோயில் முன்னால் சிரிப்பு கிளம்பியது. "ஏலே, யாருலே அந்தச் சூசன்? அந்தப் புள்ளைக்கும் காப்பு கட்டணுமா?" என்று ஒருவர். "மொதல்ல எந்தத் தெருன்னு கேளுடா, வரி குடுத்தாகளா பாப்போம்" என்று இன்னொருவர்.

கமிட்டித் தலைவர் வேகமாக வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் மஞ்சள் துண்டு. "என்ன ரேடியோக்காரரே, பொழுது போய்க்கிட்டு இருக்கு. நீங்க இங்க பள்ளிக்கூடம் நடத்துறீக?"

"கொஞ்சம் பொறுங்க. ஊசியில சந்தேகமா இருக்கு."

"பாடுதுல்ல? அப்பறம் என்ன சந்தேகம்?"

'ஸ' சுத்தமாகத்தான் இருந்தது. அது என்னையும் தடுமாற வைத்தது. ஊசிக் கையைத் தூக்கி முனையைப் பார்த்தேன். கறுப்பாக ஒரு சிறு பொதி ஒட்டியிருந்தது.

இதைத்தான் நீங்கள் ஒவ்வொருவரும் பார்த்திருப்பீர்கள், ஊதித் தள்ளியும் இருப்பீர்கள். ஈர மண் ஊரில் இப்படி ஒரு கறுப்புத் தூளைக் கண்டால் பயந்துபோவார்கள். நாம் பயப்பட மாட்டோம். பங்குனியில் நம் பக்கம் கரிசல் வெடித்துக் கிடக்கும், காற்று அதை மாவாக அள்ளி வரும், குழாய்க்குள்ளும் டீ கிளாசிலும் கண்ணிலும் கறுப்புத் தூள்தான். ஊசியில் கறுப்பைக் கண்டால் மண் என்று முடிவு கட்டுவது நம் ஊர்க்காரர்களுக்கே உரிய பழக்கம். சேதமான ஊசி, தட்டில் தான் ஓடுகிற பள்ளத்தைச் சீவும்போது வருகிற தூளும் கறுப்புதான்.

செல்வியும் அதைத்தான் சொன்னார். "இது எப்பவும் வர்றதுதான அண்ணாச்சி? கரிசல்ல நின்னுக்கிட்டு இருக்கோம்."

"மண்ணுதாங்க" என்றார் தலைவர். "இதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்? பெட்டியத் திறங்கப்பா!"

இந்த இடத்தில் நான் எடுத்த முடிவைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். "நான் சொல்றேன், போடாதீக" என்று அதிகாரமாகச் சொல்லியிருக்கலாம். என் வயதுக்குச் சிலர் கேட்டிருப்பார்கள், பலர் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு பொருள் அழிந்தால் யாருக்கு இழப்போ அவருடைய கண்ணுக்குச் சேதம் தெரிய வேண்டும். அதுவரை நம் நிச்சயம் நம் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. பல துறை நூல்களில் இதைப் பல விதமாகப் படித்திருக்கிறேன். அன்று செய்து பார்க்க வேண்டி வந்தது.

பேச்சியம்மாள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கைய நீட்டுங்க."

"எனக்கெதுக்குத் தம்பி சோசியம்? வயசாகிப்போச்சு" என்றார். ஆனாலும் நீட்டினார்.

கீழே கிடந்த கரிசலைக் கொஞ்சம் எடுத்து விரலால் பொடியாக்கி, அவர் உள்ளங்கையின் ஒரு பக்கம் வைத்தேன். ஊசியில் இருந்த தூளைத் தூரிகையால் எடுத்து மறுபக்கம் வைத்தேன். பூசாரியின் செம்பிலிருந்து இரண்டிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டேன்.

"தேச்சுப் பாருங்க."

மண், தண்ணீர் பட்டதும் குழைந்து அவர் ரேகைகளில் இறங்கியது. மற்றப் பக்கத்தில் தண்ணீர் முத்தாகத் திரண்டு நின்றது. தூள் நனையாமல் அதன் மேலே மிதந்தது. அவர் சுட்டுவிரலால் அழுத்தினார். கரையவில்லை. என் மடக்குக் கண்ணாடியை அதன்மேல் பிடித்தேன். மயிரிழைபோலச் சுருள் சுருளாகக் கிடந்தது.

பேச்சியம்மாள் வெகுநேரம் பார்த்தார். மண்ணைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இது மண்ணு இல்ல" என்றார். "மண்ணுன்னா கரஞ்சிரும். இது என்னது?"

"அந்த இங்கிலீஷ் தட்டோட உடம்பு. ஊசி சீவி எடுத்திருக்கு."

செல்வி சட்டென்று அந்தத் தட்டை எடுத்து வெயிலில் சாய்த்துப் பிடித்தார். நான் திரும்பத் திரும்ப ஓட்டிய இடத்தில் மட்டும் வெளுத்த ஒரு வளையம் தெரிந்தது. அவர் ஊசிக் கையைக் கொக்கியில் மாட்டி, மோட்டாரை நிறுத்தினார்.

தலைவர் விடவில்லை. அவரையும் குறை சொல்ல மாட்டேன். ஊர்க் கட்டுப்பாடு அவர் தலைமேல் இருந்தது. "அவ்வளவு தேய்க்கப் போய்த்தான வந்துச்சு? நாம ஒருக்கத்தான போடப் போறோம்? ஒரு பாட்டுல என்ன கொறஞ்சிரும்? தட்டு பாடாமக் காப்புக் கட்டுனா நாளைக்கு மழ பேயலைன்னா என்னையத்தான் கேப்பாக."

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தார். "போட்டா பாடுமா, பாடாதா? நேராச் சொல்லுங்க தம்பி."

"இன்னைக்குப் பாடும். நல்லாவே பாடும். நீங்க சந்தோசமாக் கேப்பீக. கேக்கக் கேக்க அது சீவிக்கிட்டே போகும். அடுத்த பங்குனிக்குத் தட்டு இருக்கும். அய்யா குரல் இப்ப இருக்கிற மாதிரி இருக்காது."

பேச்சியம்மாள் வருஷம் முழுக்கக் காத்திருந்து வந்த பாட்டு. வேண்டாம் என்றால் அன்றைக்கு இல்லை. வேண்டும் என்றால் இனி என்றைக்கும் முழுசாக இல்லை. அவர் அதிகம் யோசிக்கவில்லை. இரும்புப் பெட்டியின் மூடியை அழுத்திச் சாத்தி, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"நான் எந்திரிச்சாத்தான் தட்டு. யாருக்கு எங்க போகணுமோ போயிட்டு வாங்க."

"ஏத்தா, கோயில் பெட்டி மேல உக்காரலாமா?" என்று தலைவர் கத்தினார்.

"ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா. அவளப் பத்தித்தான் எங்க அய்யா பாடியிருக்காக."

என் வீட்டு பீரோவில் அதே வகைக் கார்ட்ரிட்ஜுக்கு உரிய புது ஊசி ஒன்று இருந்தது. உறை பிரிக்காதது. ஓய்வுக்காலத்தில் நான் தட்டுக் கேட்பதற்காக வாங்கிப் பத்திரப்படுத்தியது. அந்த வகை இப்போது எளிதில் கிடைப்பதில்லை. அதைச் சொன்னதும் கண்ணன் பைக்கை உதைத்தார். சூரியன் பனைகளுக்கு மேலே இருந்தது. அருப்புக்கோட்டை வரை அவர் ஓட்டிய ஓட்டத்தைப் பற்றி எழுத என்னிடம் வார்த்தை இல்லை. பாதி வழி நான் கண்ணை மூடியிருந்தேன். வீட்டில் உறையை எடுக்கும்போது என் மனைவி தெலுங்கில் கேட்டதற்கு, "திரும்பி வந்து சொல்றேன்" என்று தமிழில் பதில் சொல்லிவிட்டு ஓடி வந்தேன். தமிழில் சொன்னால் அவசரம் என்று அவளுக்குத் தெரியும்.

திரும்பி வந்தபோது வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது. பூசாரி நூலைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். பேச்சியம்மாள் பெட்டிமேல் அப்படியே இருந்தார். செல்வி பழைய ஊசியைக் கழற்றி, புதியதை ஒரே மூச்சில் பொருத்தினார். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன். இருவருக்கும் ஒரே எண்ணம்தான்.

அவரே இங்கிலீஷ் தட்டை எடுத்தார்.

தலைவர் உண்மையிலேயே அலறிவிட்டார். "புது ஊசிங்கிறீக! உறைய இப்பத்தான பிரிச்சீக! மறுபடியும் சூசனா?"

"புதுசுன்னு அட்டையிலதான் எழுதியிருக்கு" என்றார் செல்வி. "ஊசியில எழுதல."

நாற்பது வருஷத் தொழிலில் நான் இதைவிடச் சரியான பதிலைச் சொன்னதில்லை. உறைக்குள் பத்திரமாக இருந்தது என்பதற்காக ஒன்றை நம்பக் கூடாது. என் சொந்தப் பொருள் என்பதற்காக நிச்சயமாக நம்பக் கூடாது. சூரியன் பனையடிக்கு வந்துகொண்டிருந்தது, ஊர் முழுவதும் எங்களை முறைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் தட்டில் தேயாத வேறொரு இடத்தைத் துடைத்து, சூசனைத் திரும்பத் திரும்பப் பேசவிட்டோம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ஊசிக் கையைத் தூக்கினேன். ஊசியில் மறுபடியும் கறுப்பு. கொஞ்சம்தான், ஆனால் கறுப்பு.

பேச்சியம்மாள் பெட்டியிலிருந்து எழாமலே உள்ளங்கையை நீட்டினார். "கொண்டாங்க."

வைத்தேன். செம்பிலிருந்து அவரே ஒரு சொட்டு விட்டுக்கொண்டார். விரலால் தேய்த்தார். தூள் குழைந்து, ரேகைக்குள் இறங்கிக் காணாமல் போனது. இன்னொரு முறை தேய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நம்ம மண்ணுதான்" என்றார். சேலையில் கையைத் துடைத்துவிட்டுப் பெட்டியைவிட்டு எழுந்தார்.

அன்று பாட்டு தொடங்கியபோது சூரியனின் கடைசி விளிம்பு கோயில் மதிலில் இருந்தது. பூசாரி நூலைக் கட்டினார். குலவை கிளம்பியது. குழாயில் அந்த ராஜா வேஷக்காரர் அம்மனைப் பெயர் சொல்லி அழைத்தார். பேச்சியம்மாள் வழக்கம்போலக் குழாய்க்கு நேர் கீழே நின்று, தலையை அண்ணாந்து கேட்டார். தலைவர் என் பக்கத்தில் வந்து நின்று, "சூசன் தங்கச்சிக்கும் ஒரு பிரசாதம் எடுத்து வைக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். அதை அவருடைய மன்னிப்பாக எடுத்துக்கொண்டேன்.

பழைய ஊசியைச் செல்வி பிறகு நுண்ணோக்கி உள்ள ஒருவரிடம் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பினார். வைரத்தின் ஒரு ஓரம் உடைந்து, உளி முனை போல நின்றது. உங்களில் சிலருக்கு அந்தப் படத்தை அனுப்பியிருக்கிறேன். நேராகத்தான் இருக்கிறது, பாருங்கள்.

ஆனால் நான் பெருமைப்படுவது அந்தப் படத்துக்காக அல்ல. மறுநாள், புதன்கிழமை காலை நடந்ததற்காக.

ஊசி நன்றாக இருக்கும்போதே தட்டை ஒழுங்காக ஒரு பிரதி எடுத்துவிடலாம் என்று செல்வி தலைவரிடம் பேசி அனுமதி வாங்கினார். கோயில் மண்டபத்தில் லேப்டாப்பை வைத்து, குழாய் இல்லாமல் பதிவு செய்தார். ஊருக்குப் போகப் பையைத் தூக்கிய பேச்சியம்மாளை உட்காரவைத்து, ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டார்.

"இது என்னத்தா, மாட்டுக்குக் கட்டுற மாதிரி கட்டுற?" என்றவர், சட்டென்று பேச்சை நிறுத்தினார்.

பாட்டு இன்னும் தொடங்கவில்லை. பதிவில் ஊசி இறங்கி, பாட்டுக்கு முந்தைய வெற்றுப் பள்ளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் மிக மெல்லிய ஒரு சத்தம் இருந்தது. இத்தனை வருஷமும் குலவையிலும் குழாய் இரைச்சலிலும் யாருக்கும் கேட்டிராத சத்தம். நானும் செல்வியும் அதைப் பதிவின்போதே கேட்டிருந்தோம், என்னவென்று புரியவில்லை. சேதமான ஊசியைப் போட்டிருந்தால் அது முதலில் இறங்கிச் சீவியிருக்கும் இடமும் அதுதான்.

பேச்சியம்மாள் இரண்டு கைகளாலும் ஹெட்போனை அழுத்திக்கொண்டார்.

"எங்க அய்யா கனைக்கிறாக" என்றார். "வீட்டுல பாடுறதுக்கு முன்னாடி இப்பிடித்தான் தொண்டையச் செருமுவாக. செருமுனாகன்னா நாங்க எல்லாம் சத்தம் போடாம உக்காந்துருவோம்."

பிறகு பாட்டு தொடங்கியது. முழுவதையும் கேட்டு முடித்தார். ஹெட்போனைக் கழற்றப் போன செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பாட்டு ஊருக்கு, அத அடுத்த வருசம் கேட்டுக்கிறேன். நீ அந்தச் செருமுறத மட்டும் இன்னொருக்கப் போடு தாயி."